இணைய ஏலத்தில் பழைய ட்ரம்பெட்: ஊதிப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது?

கேள்வி இது: "1950, 60களில் செய்த ட்ரம்பெட் ஒன்றை இணைய ஏலத்தில் எடுக்க ஆசை. படங்கள் மட்டும்தான் இருக்கின்றன, ஊதிப் பார்க்க வழியில்லை. எதைப் பார்த்து விலை கேட்பது?"

முதலில் பிஸ்டன்களைப் (அழுத்தும்போது வால்வு உறைக்குள் மேலும் கீழும் ஓடும் உருளைகள்) பாருங்கள், அடுத்து லீட்பைப்பை (மவுத்பீஸ் செருகும் குழாய்). மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெல்லில், அதாவது விரிந்த வாயில், விழுந்த ஒடுக்கை எடுத்துவிடலாம். விட்டுப்போன பற்றவைப்பைத் திரும்ப வைக்கலாம். தொலைந்த மூடி, பொத்தான், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். பிஸ்டன் தேய்ந்து காற்று கசிந்தால் மட்டும் கதை வேறு. அதைச் சரிசெய்ய பிஸ்டன்மேல் புதிதாக உலோகப் பூச்சு ஏற்றி, உறையின் உட்புறத்தைக் கடைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. மாணவர்களுக்கென்று செய்த சாதாரண ட்ரம்பெட்டாக இருந்தால் கூலி கருவியின் விலையையே தாண்டிவிடும்.

விற்பவர்கள் வழக்கமாக எழுதும் வாக்கியம், "வால்வுகள் தடையில்லாமல் இயங்குகின்றன" என்பது. அதில் உங்களுக்கு உதவும் தகவல் எதுவும் இல்லை. தேய்ந்துபோன பிஸ்டன் மற்றெதையும்விடத் தடையில்லாமல் இயங்கும். நமக்குத் தெரிய வேண்டியது காற்று அடைபடுகிறதா என்பது. நல்ல நிலையிலுள்ள வால்வில் பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான் இடைவெளி. அதை எண்ணெய்ப் படலம் அடைத்துக்கொள்ளும். இடைவெளி கூடினால் எண்ணெய் நிற்காது, காற்று பக்கவாட்டில் நழுவும். மெதுவாக ஊதும்போது ஸ்வரம் பிடிபடாது, மேல் ஸ்தாயி தடுமாறும்.

இதை விற்பவரே அரை நிமிடக் காணொளியில் காட்டிவிடலாம். வால்வை அழுத்தாமல், அந்த வால்வின் ஸ்லைடை (இழுத்து நீளத்தை மாற்றும் வளைகுழாய்) இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்து ஐந்து விநாடி பிடித்திருக்கச் சொல்லுங்கள். பிறகு வால்வை அழுத்த வேண்டும். அந்த நொடியில் 'பொப்' என்று சத்தம் கேட்டால் உள்ளே வெற்றிடம் நின்றிருக்கிறது, வால்வு அடைக்கிறது என்று பொருள். மூன்று வால்வுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சத்தமே இல்லையென்றால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஸ்லைடில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் அங்கே காற்று கசியும். சிலர் ஸ்லைடை எளிதாக நகர்த்துவதற்காக பிஸ்டனில் ஊசித்துளை போட்டு வைத்திருப்பார்கள், அதிலும் சத்தம் வராது. மாறாக, கெட்டியான எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் தேய்ந்த வால்வுகூடச் சத்தம் போடும். ஆகவே இந்தச் சோதனையோடு பிஸ்டன்களை வெளியே எடுத்த படமும் வேண்டும்.

அந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது மேற்பரப்பு. நிக்கல் பூச்சுள்ள பிஸ்டன் வெள்ளையாக மின்ன வேண்டும். மஞ்சளாகத் திட்டு தெரிந்தால் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள பித்தளை வெளிவந்துவிட்டது. மோனெல் என்ற நிக்கல்–செம்புக் கலவையில் செய்த பிஸ்டன் உள்வரை ஒரே உலோகம், மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்த மங்கலைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நெடுக்காக ஆழமான கீறல்கள் இருந்தால் உள்ளே மணலோ தூசியோ புகுந்த கருவி. இரண்டாவது எண்கள். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். சில தயாரிப்பாளர்கள் கருவியின் வரிசை எண்ணையும் பொறிப்பார்கள். அப்படிப் பொறித்த எண் உறையின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பிஸ்டன் வேறு கருவியிலிருந்து வந்தது. ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் உறைக்கென்றே தேய்த்துப் பொருத்தப்படுவதால், இரவல் பிஸ்டன் சரியாக அடைப்பது அபூர்வம்.

"ஊதினால் காற்றே போகவில்லை" என்று ஒரு விற்பவர் எழுதியிருந்தால், அந்த ஏல அறிவிப்பை இன்னொரு முறை பாருங்கள். பிஸ்டன்களை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது பிஸ்டனைத் திரும்பாமல் பிடிக்கும் வழிகாட்டி முனை அதற்கான காடியில் உட்காராமல் பிஸ்டன் திரும்பி நிற்கும். சரியான உறையில் போட்டு 'டிக்' என்று உட்காரும்வரை திருப்பினால் வேலை முடிந்தது. மற்றவர்கள் பயந்து ஒதுங்குவதால் இப்படிப்பட்ட கருவி மலிவாகப் போகும்.

இனி லீட்பைப். மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து, சுருதியைச் சரிசெய்யும் ட்யூனிங் ஸ்லைடு வரை போகும் குழாய். ஊதும் எச்சில் முதலில் படுவது இங்கேதான். மஞ்சள் பித்தளையில் ஏறத்தாழ 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். ஈரமும் அமிலமும் பல ஆண்டுகள் தங்கினால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, ஓட்டை ஓட்டையான செம்பு மட்டும் மிஞ்சும். சிவப்பு அரிப்பு என்று இதைச் சொல்கிறோம். இளஞ்சிவப்புப் புள்ளியும் அதன் நடுவில் கருத்த பொட்டும் தெரிந்தால் அரிப்பு உள்ளிருந்து வெளிப்பக்கம் வந்துவிட்டது. வெளிப்புற லாக்கர் (உலோகத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் பூச்சு) நன்றாக இருக்கும்போதே அதன் அடியில் அப்படிப் புள்ளி தென்படும். கைவியர்வை வெளியிலிருந்து தின்ற இடங்கள் வேறு மாதிரி: லாக்கர் போயிருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாக, ஆழமில்லாத குழிகளோடு இருக்கும். அழகுக்குக் கேடு, ஊதுவதற்குப் பெரிய தொல்லை இல்லை.

லீட்பைப்பின் கீழ்ப்பக்கத்தைத்தான் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், ஈரம் தேங்குவது அங்கே. முடிந்தால் ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றி, மறுமுனையில் விளக்கு வைத்து உட்புறத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பச்சைக் களிம்பும் அழுக்கும் இருந்தால் கழுவினால் போகும். உட்சுவர் பள்ளம் பள்ளமாக இருந்தால் குழாயையே மாற்ற வேண்டிவரும். மாற்றலாம்தான், ஆனால் அந்தக் கருவியின் குணத்தில் பெரும் பங்கு லீட்பைப்பின் உட்கூம்பில் இருக்கிறது. பழைய ஒலிக்காகவே பழைய கருவியைத் தேடுபவர் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சிவப்பாகத் தெரிவதெல்லாம் அரிப்பு இல்லை. செம்பு அதிகம் சேர்த்த சிவப்புப் பித்தளையில் பெல் செய்வதும் உண்டு. கான் நிறுவனத்தின் 'காப்ரியான்' பெல் செம்பை மின்படிவாக ஏற்றிச் செய்தது. பெல் முழுக்க ஒரே சீராகச் சிவந்திருந்தால் அது உலோகத்தின் நிறம். புள்ளிபுள்ளியாக இருந்தால்தான் கவலை.

பெல் விளிம்பு வளைந்திருப்பது படத்தில் பயங்கரமாகத் தெரியும், சரிசெய்வது எளிது. பெல்லின் கழுத்தில், குழாய் விரியத் தொடங்கும் இடத்தில், குறுக்காகச் சுருக்கங்கள் இருந்தால் கருவி தலைகீழாக விழுந்து பெல் மடங்கி, பிறகு நிமிர்த்தியிருக்கிறார்கள். மேலிருந்து நேராக எடுத்த படத்தில் லீட்பைப்பும் பெல் குழாயும் இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் முறுக்கம் உள்ளது. லீட்பைப்பில் விழுந்த ஒடுக்கு சிறியதானாலும் காற்றுப்பாதையின் மிகக் குறுகிய பகுதியில் இருப்பதால் ஊதும்போது உணர முடியும். இரண்டாம் வால்வின் ஸ்லைடு உள்நோக்கி அழுந்தியிருப்பது மிக மோசம். பெட்டிக்குள் அந்தப் பக்கமாகத்தான் அழுத்தம் விழும். அந்த அடி உறையையே கோணச்செய்து பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். "இரண்டாவது வால்வு மட்டும் கொஞ்சம் மெதுவாக மேலே வரும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தால் இந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மவுத்பீஸ் சிக்கிக்கொண்டிருப்பது கேட்க மோசமாக இருக்கும், உண்மையில் அற்பக் கோளாறு. அதற்கென்றே உள்ள இழுப்பான் கருவியால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதற்கு முன்பு யாராவது இடுக்கியால் முறுக்கியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. செருகுமிடத்தில் பல் பதிந்த தடம், லீட்பைப்பைத் தாங்கும் குறுக்குக் கம்பியின் பற்றவைப்பு விட்டிருப்பது, இவை இருந்தால் முறுக்கியிருக்கிறார்கள். இறுகிய ட்யூனிங் ஸ்லைடும் இதே வகைதான். பழுது பார்ப்பவர் ஊடுருவும் எண்ணெயும் சூடும் கொடுத்து எடுத்துவிடுவார்.

பளபளப்பை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அறுபது ஆண்டுக் கருவி கண்ணாடிபோல் இருந்தால், ஒன்று யாரும் தொடவே இல்லை, அல்லது மெருகுச் சக்கரத்தில் போட்டுத் தேய்த்து மறுபடி லாக்கர் அடித்திருக்கிறார்கள். பெல்லில் உள்ள செதுக்கெழுத்தைப் பாருங்கள். கோடுகளின் ஓரம் கூர்மையாக இருந்தால் அசல். பாதி அழிந்தும் மழுங்கியும் இருந்து அதன்மேல் லாக்கர் மட்டும் புதிதாக மின்னினால், எழுத்தோடு உலோகமும் தேய்ந்திருக்கிறது. லாக்கர் பாதி உதிர்ந்த அசல் கருவி இதைவிட எவ்வளவோ மேல். "தங்க நிறம்" என்று எழுதியிருப்பது லாக்கரைத்தான். வெள்ளிப் பூச்சு கன்னங்கரேலென்று கறுத்திருந்தால் துடைத்தால் போய்விடும். பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் மறுபூச்சு தவிர வழியில்லை.

வரிசை எண் பெரும்பாலும் இரண்டாம் வால்வு உறையில் இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் ஊரும் அங்கோ பெல்லிலோ இருக்கும். ஊர் பெயரே காலத்தைச் சொல்லும். ஓல்ட்ஸ் நிறுவனம் 1950களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபுல்லர்டனுக்கு மாறியது, 1979இல் மூடியது. வின்சென்ட் பாக் 1953இல் நியூயார்க்கிலிருந்து மவுண்ட் வெர்னனுக்குப் போனார், 1961இல் நிறுவனத்தை செல்மருக்கு விற்றார், 1960களின் நடுவில் உற்பத்தி எல்கார்ட்டுக்கு மாறியது. மவுண்ட் வெர்னன் என்று பொறித்த பாக்குக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். மார்ட்டின் நிறுவனத்தின் கமிட்டி மாடலுக்கு ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஊதியது என்ற பெயர் இருப்பதால் விலை அதற்கேற்ப ஏறியே இருக்கும். வாசிப்பதற்கு வாங்குபவருக்கு ஓல்ட்ஸ் அம்பாஸடர் என் முதல் பரிந்துரை. மாணவர்களுக்கென்று மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்தார்கள், உறுதியான கட்டமைப்பு, ஏலத்தில் அடிக்கடி வரும். அடிக்கடி வரும் கருவியில் ஒன்றை விட்டால் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம். படங்களை வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால், அன்றைய தேதியைத் துண்டுத்தாளில் எழுதி வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். நேர்மையான விற்பவர் மறுக்க மாட்டார்.

உங்கள் தேடல் இன்னும் பழைய காலத்துக்குப் போனால் சுருதியைக் கவனிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் உயர் சுருதி, தாழ் சுருதி என்று இரண்டு வகையாகக் கருவிகள் செய்தார்கள். எச்.பி. என்றும் எல்.பி. என்றும் பொறித்திருக்கும். உயர் சுருதியில் 'ஏ' ஸ்வரம் 452 முதல் 457 ஹெர்ட்ஸ் வரை, இன்றைய வழக்கம் 440. அந்த வித்தியாசத்தை இறக்க ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் குழாய் கூடுதலாக வேண்டும். ட்யூனிங் ஸ்லைடை அவ்வளவு இழுத்தாலும் வால்வு ஸ்லைடுகள் பழைய நீளத்திலேயே நிற்பதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. குழுவோடு வாசிக்க நினைப்பவர் எச்.பி. கருவியைத் தொட வேண்டாம்.

ட்ரம்பெட்டைப் போன்ற இன்னொரு கருவியான கார்னெட்டை ட்ரம்பெட் என்று போடுவதும் சகஜம். வட்டமாகச் சுருண்ட கார்னெட்டைக் கண்டாலே தெரியும். நீளமாகச் செய்த கார்னெட்தான் ஏமாற்றும். மவுத்பீஸ் செருகும் துளையின் வாயை அளக்கச் சொல்லுங்கள். ட்ரம்பெட்டில் 11 மில்லிமீட்டரை ஒட்டி வரும், கார்னெட்டில் 10 மில்லிமீட்டரை ஒட்டி.

மூன்றாம் ஸ்லைடில் விரல் வளையம் இருக்கிறதா, ஸ்லைடு நகர்கிறதா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. ஏன் முக்கியம் என்று கணக்கோடு சொல்கிறேன். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டின் குழாய் நீளம் ஏறத்தாழ 148 சென்டிமீட்டர். ஒரு முழு ஸ்வரம் இறக்க முதல் வால்வு 18 சென்டிமீட்டர் சேர்க்கிறது, ஒன்றரை ஸ்வரம் இறக்க மூன்றாம் வால்வு 28. இரண்டையும் அழுத்தினால் 46. ஆனால் இரண்டரை ஸ்வரம் இறங்கத் தேவைப்படுவது 49.6. மூன்றரை சென்டிமீட்டர் குறைவதால் ஸ்வரம் ஏறி ஒலிக்கும். மூன்று வால்வையும் அழுத்தும்போது குறை 6 சென்டிமீட்டரைத் தாண்டும். தயாரிப்பாளர்கள் மூன்றாம் ஸ்லைடைச் சற்று நீளமாகச் செய்து கொஞ்சம் ஈடுகட்டுவார்கள், மீதியை வாசிப்பவர் ஸ்லைடைத் தள்ளி ஈடுகட்ட வேண்டும். வளையம் இல்லாத, அல்லது இறுகிப்போன மூன்றாம் ஸ்லைடு உள்ள கருவியில் கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் எப்போதும் ஏறியே நிற்கும். வளையம் பற்றவைப்பது சிறிய வேலைதான், ஸ்லைடு வழுவழுப்பாக ஓடும்படி நேராக்குவது அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

விலை கேட்பதில் ஒரே கணக்கு. அதே மாடல், நன்றாக வாசிக்கும் நிலையில், முடிந்த ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள் (இப்போது ஓடும் ஏலங்களில் கேட்கும் விலையைப் பார்த்துப் பயனில்லை). அதிலிருந்து அனுப்பும் செலவு, எல்லை தாண்டி வந்தால் சுங்கம், முழுச் சுத்தம், படத்தில் தெரியும் பழுது எல்லாவற்றையும் கழியுங்கள். வால்வு பற்றி விற்பவர் வாய் திறக்காவிட்டால் வால்வு வேலையையும் கழியுங்கள். "சோதிக்கவில்லை, உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருந்தால் கெட்டுப்போனது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்ச விலை. அதை ஏலம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் ஒரே தடவையாகப் போடுங்கள். நாட்கணக்கில் சிறுகச் சிறுக ஏற்றினால் அந்தக் கருவிக்கு ஆள் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு நீங்களே அறிவிக்கிறீர்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலை குறைப்பதாக யார் சொன்னாலும் விலகிவிடுங்கள், பிறகு முறையிட இடம் இருக்காது.

ஏலம் முடிந்ததும், பணம் கட்டும் முன்பே, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று விற்பவருக்கு எழுதுங்கள். ட்ரம்பெட் விற்கும் பலருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. வீட்டில் கிடந்ததை விற்கிறார்கள். மவுத்பீஸைக் கழற்றித் தனியே சுற்றி, கருவிப்பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். பெட்டிக்குள் உருளும் மவுத்பீஸ் வழியெல்லாம் பெல்லைச் சுத்தியல்போல் அடிக்கும். பெட்டிக்குள் ட்ரம்பெட் அசையாதபடி, குறிப்பாக பெல்லின் வாய்க்குள்ளும் வால்வுகளின் இரு பக்கமும், துணியோ காகிதமோ திணிக்க வேண்டும். இரண்டாம் வால்வு ஸ்லைடின் மேல் மட்டும் அழுத்தம் விழக்கூடாது. கருவிப்பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை இருக்கும் அட்டைப்பெட்டி வேண்டும். பழைய கருவிப்பெட்டியின் கொக்கிகளை நம்பாமல் கயிறு கட்டச் சொல்லுங்கள்.

வந்து சேர்ந்ததும் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். கழுவும் ஆசையை ஒரு நாள் அடக்குங்கள். முதலில் படங்களோடு ஒப்பிட்டு, பிஸ்டன்களுக்கு எண்ணெய் விட்டு, 'பொப்' சோதனையை நீங்களே செய்து, சுருதிமானி வைத்து நீண்ட ஸ்வரங்கள் ஊதிப் பாருங்கள். உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் உமிழ்நீர்ச் சாவியின் தக்கை காய்ந்திருந்தால் அங்கேயும் காற்று கசியும். விரலால் அழுத்திக்கொண்டு ஊதினால் வித்தியாசம் தெரியும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். கழுவிய பிறகோ, ஏதாவது ஸ்லைடை வலிய இழுத்த பிறகோ திருப்ப முயன்றால் விற்பவர் உங்களைக் கைகாட்டுவார்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, வளையும் தூரிகையால் குழாய்களைத் தேயுங்கள். கொதிக்கும் தண்ணீர் லாக்கரை உரித்துவிடும். பிஸ்டன்களில் உள்ள ஃபெல்ட் (கம்பளித் துணி வளையம்) நனையக்கூடாது. வினிகரில் ஊறவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், துத்தநாகத்தைக் கரைப்பது அமிலம்தான். பழைய வால்வுகளுக்குக் கெட்டி எண்ணெய் என்று தனியாகவே விற்கிறார்கள். இலேசாகத் தேய்ந்த வால்வை அது பல ஆண்டுகள் ஓட்டும். கடைசியாக ஃபெல்ட்டையும் தக்கையையும் மாற்றுங்கள். அவை அமுங்கியிருந்தால் பிஸ்டன் துளையும் குழாய்த் துளையும் நேராக நிற்காது. ஒரு மில்லிமீட்டர் விலகலே ஒலியை அடைத்துவிடும். இரண்டாம் ஸ்லைடைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வால்வை அழுத்தும்போது பிஸ்டனின் துளை மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால், ஃபெல்ட்டின் தடிமனைக் கூட்டிக் குறைத்து நேராக்கிவிடலாம்.